பத்தொன்பது கைகள்

வேட்புமனு என்று தனியாக எதுவும் இல்லை.
ரெஜினா டீச்சர் கோடு போட்ட நோட்டைத் திருப்பி
பேனாவை என் பக்கம் நகர்த்தினார்.
பெயர்: அஞ்சலாட்சி.
பிள்ளை: வர்ணிகா, ஆறாம் வகுப்பு.
தொழில் என்ற இடத்தில் பேனா நின்றது.
இறால் கம்பெனியில் தலை கிள்ளுகிறேன் என்றெழுத
கட்டம் போதவில்லை.
கூலி என்று எழுதினேன்.
அவ்வளவுதான், நின்றுவிட்டேன்.

பள்ளி மேலாண்மைக் குழுத் தலைவர்.
உப்பனாற்றுப் பாலத்தின் மேல், ஷேர் ஆட்டோவில்,
வாய்க்குள்ளேயே சொல்லிப் பார்த்தேன்.
காற்று சிப்காட் பக்கமிருந்து அடித்தது.
எல்லோரும் முந்தானையால் மூக்கைப் பொத்தினோம்.
பொத்திக்கொண்டே சொன்னதில்
அந்தப் பதவி எனக்கே சரியாகக் கேட்கவில்லை.

"சம்பளம் எவ்வளவு?" என்றார் திருமேனி,
போட்டு இன்ஜினின் கிரீஸைத் துணியில் துடைத்தபடி.
இல்லை என்றேன்.
"அப்ப அரைநாள் லீவுக்கு?"
அதுவும் இல்லை.
துடைத்த கையையே திரும்பத் துடைத்தார்.

பிரச்சாரத்துக்கு என்னிடம் இருந்தது ஒரே சங்கதி:
வர்ணிகாவின் தண்ணீர் பாட்டில்
காலையில் போன மாதிரியே சாயங்காலம் திரும்புகிறது.
பள்ளிக்கூடத்துக் கக்கூசில் தாழ்ப்பாள் இல்லை.
ஒருத்தி உள்ளே போனால்
இன்னொருத்தி வெளியே காலை முட்டுக்கொடுக்க வேண்டும்.
சிநேகிதி வராத நாளில்
தண்ணீரே குடிப்பதில்லை.

ஞாயிற்றுக்கிழமை வீடு வீடாகப் போனேன்.
சுடிதாருக்கு ஓரம் அடித்துக்கொண்டிருந்த மதியரசி
மிஷினை நிறுத்தாமலே சொன்னாள்:
"எங்க வீட்டு பாட்டிலும் ரொம்பித்தான் வருது.
நான் அவள அடிச்சேன், தண்ணி குடிக்கலன்னு."
அடுத்த வீட்டில் ஒரு மாமியார்,
பொண்ணுன்னா அடக்கம் வேணும் என்றாள்.
வேணும்தான் அத்தே,
இதையுமா அடக்கணும்?

எதிரில் நின்றவள் சரளாதேவி.
கவுன்சிலருக்குக் கொழுந்தியா.
கூட்டத்துக்கு டீயும் மிக்சரும் அவள் செலவு.
நானும் சாப்பிட்டேன்; மிக்சர் நன்றாக இருந்தது.

சுனாமிக்குப் பிறகு யாரோ கட்டித்தந்த அறை.
கொடுத்தவர் பெயர் சுவரில் பாதி உரிந்திருந்தது.
சீட்டு, பெட்டி எல்லாம் கிடையாது,
கை தூக்கினால் போதும் என்றார் டீச்சர்.
ஜன்னலுக்கு வெளியே
கவுன்சிலரின் ஆள் ஒருவன்
பைக்கில் சாய்ந்து, சும்மா, போன் பார்த்துக்கொண்டிருந்தான்.

சரளாதேவிக்கு முப்பத்து நான்கு.
என் பெயரைச் சொன்னதும்
சில கைகள் தோள் வரை வந்து
தலைமுடியைச் சரிசெய்துவிட்டு இறங்கின.
மதியரசியின் கை நேராக நின்றது,
விரலில் இன்னும் அங்குஸ்தான் மாட்டியிருந்தது.
நானும் தூக்கினேன்.
எவ்வளவு சோப்புப் போட்டும் இறால் வாடை போகாத கை.
அதையும் சேர்த்துப் பத்தொன்பது.

குழாயடியில் மறுநாள் ஒருத்தி காதில் சொன்னாள்:
"மனசுல ஒனக்குத்தான் போட்டேன்."
அவள் குடம் நிரம்பி வழிந்தது.
மனசை எந்த டீச்சர் எண்ணுவார்?

என்னை உறுப்பினர் என்று
கடைசி வரியில் எழுதிக்கொண்டார்கள்.
முதல் கூட்டத்தில் தாழ்ப்பாள் என்றேன்.
இரண்டாவதிலும் அதையே.
மூன்றாவது கூட்டத்துக்குள் வந்துவிட்டது,
பளபளவென்று, புத்தம் புதுசு.
வெளிப்பக்கம் அடித்திருந்தார்கள்.

சரளாதேவி அதைப் பார்த்தாள்.
என்னைப் பார்த்தாள்.
சிரிப்பை அடக்க முடியாமல்
இருவரும் சுவரைப் பிடித்துக்கொண்டோம்.

மறுநாள் திருமேனியின் திருப்புளியோடு போனேன்.
அரைநாள் கூலி போயிற்று.
சரளாதேவி செல்போனில் வெளிச்சம் பிடித்தாள்.
நான்கு திருகாணியில் ஒன்று மரை போனது,
மூன்றை முடுக்கினேன்.
உள்ளே போய் இழுத்துப் போட்டேன்.
டக்.

"போட்டியா? தள்ளிப் பாக்கட்டா?"
வெளியிலிருந்து அவள் குரல்.

தள்ளு, என்றேன்.
நல்லாத் தள்ளு.